குறைமாதப் பிள்ளைக்குக் கண் பாக்கிற திகதி: ஒரு கிழமை தள்ளினால் என்ன நடக்கும்?

மருதங்குளம்_மிஸ்:

முல்லைத்தீவுப் பக்கம் குடும்பநல மாதாக வேலை செய்யிறன். பிபியூவில (குறைமாதப் பிள்ளையளின்ர வாட்டில) இருந்து துண்டு வெட்டி வீட்டை வந்த குறைமாதப் பிள்ளையள் மூண்டு பேர் இப்ப என்ர பிரிவில இருக்கினம்.

ஒண்டு 27 கிழமையில பிறந்தது, 940 கிராம். அதுக்கு வாட்டில வைச்சே கண் பாத்து "ஸோன் 2, ஸ்டேஜ் 2, பிளஸ் இல்லை, ஒரு கிழமையில் திரும்ப" எண்டு கார்டில எழுதியிருக்கு. ரெண்டாவது 30 கிழமை, 1380 கிராம். முதல் சோதினைக்குத் திகதி போட்டு அனுப்பியிருக்கினம். மூண்டாவது 33 கிழமை, 1850 கிராம். நிறை பரவாயில்லை, ஆனா கிருமித்தொற்று வந்து கனநாள் ஒட்சிசனில கிடந்த பிள்ளை. அதுக்குக் கண்ணைப் பற்றி ஒண்டுமே எழுதேல்லை.

வீட்டுக்காரர் எல்லாரும் சொல்லுறது ஒரே கதை. "பிள்ளை நல்லா முழிச்சுப் பாக்குது மிஸ், லைற்றைப் போட்டால் திரும்புது. அருவி வெட்டு முடியட்டும், பிறகு கொண்டு போவம்." பயப்படுத்தாமல், ஆனா விளங்கிற மாதிரி என்ன சொல்லலாம்? மூண்டாவது பிள்ளைக்குத் திகதி கேட்டு வாங்க வேணுமோ? போற நாளுக்கு எப்பிடி ஆயத்தப்படுத்துறது, வந்தாப் பிறகு எதைக் கவனிக்கிறது? கண் வைத்தியம் தெரிஞ்ச ஆக்கள் விபரமாச் சொன்னால் உதவி.

கருமணி:

மிஸ், இந்தச் சோதினையில் தேடுவது ஆர்ஓபி என்ற, குறைமாதப் பிள்ளைகளுக்கு வரும் விழித்திரை நோயை. கார்டில் இருப்பதிலிருந்தே தொடங்குகிறேன். அதை வாசிக்கத் தெரிந்தால் திகதியை ஏன் தள்ள ஏலாது என்பது தானாக விளங்கும்.

விழித்திரைக்கு இரத்தக்குழாய்கள் கருவின் 16ஆம் கிழமை அளவில் பார்வை நரம்பின் வாயிலிருந்து வளரத் தொடங்குகின்றன. மூக்குப் பக்க ஓரத்தை 36 கிழமை அளவிலும் காதுப் பக்க ஓரத்தை 40 கிழமை அளவிலும்தான் எட்டும். வாய்க்கால் தண்ணீர் கடைசி வயலுக்கு வந்து சேர்வது போல, காதுப் பக்க ஓரந்தான் கடைமடை. 27 கிழமையில் பிறந்த பிள்ளைக்கு அந்த ஓரம் வரைக்கும் பெரிய வெற்றிடம் கிடக்கிறது.

பிறந்தவுடன் இரண்டு விஷயம் ஒன்றாக நடக்கிறது. கருப்பையில் மிகக் குறைந்த ஒட்சிசனில் வளர்ந்த விழித்திரைக்குத் திடீரென்று அளவு மீறிய ஒட்சிசன் கிடைக்கிறது. குழாய்களை வளரச் சொல்லும் வெஜ்எஃப் என்ற சமிக்ஞைப் பொருள் அதனால் விழுந்துபோகும். தாயின் உடலோடு இருந்தபோது இருந்த ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் அதே நேரத்தில் குறைகிறது. குழாய் வளர்ச்சி நின்றுவிடும். இந்தக் கட்டத்தில் கண்ணைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது.

கருக்கணக்கில், அதாவது பிறந்தபோது இருந்த கிழமையோடு பிறந்த பின் போன கிழமைகளையும் கூட்டினால், 32, 34 கிழமைக்குப் பிறகுதான் வினை தொடங்கும். குழாய் போகாத பகுதியும் வளர்ந்து வேலை செய்யத் தொடங்கி, ஒட்சிசன் போதாமல் வெஜ்எஃப்பை அளவுக்கு மீறிச் சுரக்கும். புதுக் குழாய்கள் விழித்திரையின் தளத்தில் பரவாமல் கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லியை நோக்கி மேலே முளைக்கும். அவை பின்பு தழும்பாகிச் சுருங்கி விழித்திரையைப் பிடித்து இழுத்துக் கழற்றிவிடும்.

சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு நோய் முற்றுவது பெரும்பாலும் கருக்கணக்கில் 36, 37 கிழமை அளவில். பிள்ளை பால் குடிக்கப் பழகி, நிறை ஏறி, "இனி வீட்டை போகலாம்" என்று துண்டு வெட்டுவதும் அதே கிழமைகளில்தான். வாட்டை விட்டு வெளியே வரும் நேரமும் நோய் உச்சம் ஏறும் நேரமும் ஒன்றாக விழுவதால்தான் பிள்ளைகள் தவறிப் போகின்றன. வீட்டுக்காரருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: "பிள்ளை தேறிவிட்டது, கண் இன்னும் தேறவில்லை. அதற்கான கிழமை இப்போதுதான் வருகிறது."

இனிக் கார்ட். ஸோன் என்பது குழாய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. பார்வை நரம்பைச் சுற்றிய உள்வட்டம் 1, அதற்கு வெளியே மூக்குப் பக்க ஓரம் வரைக்கும் போகும் வளையம் 2, காதுப் பக்கத்தில் மிஞ்சும் பிறை 3. இலக்கம் சிறிதாக இருந்தால் ஆபத்துக் கூட. ஸ்டேஜ் அதற்கு எதிர்ப்பக்கம், கூடக் கூடக் கெடுதல்: 1 என்றால் குழாய் நின்ற இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு, 2 என்றால் அந்தக் கோடு வரம்பு போல உயர்ந்திருக்கிறது, 3 என்றால் வரம்பின் மேல் புதுக் குழாய் முளைத்திருக்கிறது, 4 விழித்திரை ஒரு பகுதி கழன்றது, 5 முழுதும் கழன்றது. பிளஸ் என்பது நரம்பைச் சுற்றியுள்ள குழாய்கள் வீங்கி நெளிந்திருப்பது. நாங்கள் முதலில் தேடுவது அதைத்தான், ஏனென்றால் நோய் ஓடத் தொடங்கிவிட்டது என்று காட்டுவது அது.

ஸோன் 2 இல் ஸ்டேஜ் 2 அல்லது 3 இருந்து, கூடவே பிளஸ்ஸும் வந்தால் சிகிச்சை. ஸோன் 1 என்றால் பிளஸ்ஸோடு எந்த ஸ்டேஜ் ஆனாலும் சிகிச்சை; ஸ்டேஜ் 3 என்றால் பிளஸ் இல்லாமலே சிகிச்சை. முடிவெடுத்தால் 72 மணித்தியாலத்துக்குள் செய்துவிட வேண்டும். உங்கள் முதல் பிள்ளை அந்தக் கோட்டுக்கு ஒரு படி முன்னால் நிற்கிறது. பிளஸ் ஒன்று வந்தாலே போதும். அதனால்தான் ஒரு கிழமை. அருவி வெட்டு முடிய மூன்று கிழமை போனால், அதற்குள் ஸ்டேஜ் 4 ஆகியிருக்க இடமுண்டு. ஸ்டேஜ் ஸ்டேஜாகப் போகாமல் சில நாட்களிலேயே விழித்திரையைக் கழற்றிவிடும் மூர்க்கமான வகையும் இருக்கிறது. மிகச் சின்னப் பிள்ளைகளில்தான் அதை அதிகம் காண்கிறோம்.

"முழிச்சுப் பாக்குது" என்பது எதற்கும் சாட்சியில்லை. ஸ்டேஜ் 3 இலும் பிள்ளை வெளிச்சத்துக்குத் திரும்பும், கண்மணி கறுப்பாகத் துப்புரவாகத்தான் இருக்கும். டோர்ச் அடித்தால் கண்மணிக்குள் வெள்ளை தெரிகிறது என்று தாய் கண்டுபிடிக்கும் நாளில் பெரும்பாலும் அது ஸ்டேஜ் 5. அதற்குப் பிறகு சத்திரசிகிச்சை செய்தாலும் கிடைக்கும் பார்வை சொற்பம்.

கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். 27 கிழமைக்குள் பிறந்தால் கருக்கணக்கு 31 கிழமையில் முதல் சோதினை. 28இலும் அதற்கு மேலும் என்றால் பிறந்து நான்கு கிழமையில். ஆகவே உங்கள் 30 கிழமைப் பிள்ளைக்கு 34இல். போட்ட திகதி அதோடு ஒத்து வருகிறதா என்று பாருங்கள்.

பிபியூ_தாதி:

டொக்டர் சொன்னதுக்குப் பிறகு நான் போற நாளைப் பற்றி மட்டும் எழுதுறன்.

முதல் நாளே கிளினிக்குக்குக் கோல் எடுத்து, கண் டொக்டர் அண்டைக்கு நிக்கிறாரோ எண்டு கேளுங்கோ. லீவு, மாற்றல், மாநாடு எண்டு ஆள் இல்லாத நாளும் வரும். யாழ்ப்பாணமோ அநுராதபுரமோ கொழும்போ, கார்டில எந்த இடம் எழுதியிருக்கோ அந்த இடந்தான். அண்டைக்கு ஏலாதெண்டால் "அடுத்த மாதம் வாங்கோ" எண்ட பதிலை எடுக்காமல், அதே கிழமைக்குள்ள வேற நாளோ வேற ஆஸ்பத்திரியோ கேட்டு எழுதுவியுங்கோ.

புதுக்குடியிருப்பு, விசுவமடுப் பக்கத்து ஆக்களுக்குப் பரந்தன் ரோட், ஒட்டுசுட்டான் பக்கத்துக்கு மாங்குளம் ரோட். எந்தப் பக்கத்தால போனாலும் முதல் பஸ்ஸை எடுத்தால்தான் சரி. மருந்து விட்டுக் கண்மணி விரியவே ஒரு மணித்தியாலம் வேணும், எங்கட பிள்ளையளின்ர கறுத்த கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் கூடவும் எடுக்கும். மோட்டச்சைக்கிளில மடியில வைச்சுக்கொண்டு போக விடாதேங்கோ. பிள்ளையைத் தாயின்ர நெஞ்சோட தோலுக்குத் தோல் பட வைச்சுச் சீலையால கட்டினால் சூடும் நிக்கும், மூச்சும் தாய்க்குத் தெரியும். வெயில், புழுதி எண்டு முகத்தை மூடிக் கட்டுறவை கனபேர். மூக்கும் வாயும் எப்பவும் வெளியில தெரிய வேணும்.

பால்: கடைசிப் பால் சோதினைக்கு ஒரு மணித்தியாலம் முன்னம். அதுக்குக் கிட்டக் குடுத்தால் கண் திறக்கேக்க ஓங்காளிச்சு, சத்தி எடுத்து, நெஞ்சுக்குள்ள போயிடும். காலமையில இருந்து பட்டினி போடுறதும் பிழை, சீனி இறங்கும்.

மருந்து: சைக்கிளோபென்டோலேற் 0.5 வீதமும் பினைல்எப்ரின் 2.5 வீதமும். ஒரு துளி விட்டு, 5 நிமிசம் கழிச்சு மற்றது, அப்பிடி ரெண்டு மூண்டு முறை. பெரிய ஆக்களுக்கு விடுற 10 வீதப் பினைல்எப்ரின் இந்தப் பிள்ளையளுக்கு ஒருநாளும் விடக் கூடாது, பிறசர் ஏறிடும். கன்னத்தில வழியிறதை உடன பஞ்சால ஒற்றி எடுக்க வேணும். தோலுக்குள்ளாலயும் மூக்குக்குள்ளாலயும் இறங்கிற மருந்துதான் வயிறு ஊதவும் நெஞ்சடிப்பு மாறவும் காரணம். மூண்டு முறை விட்டும் கண்மணி விரியேல்லை எண்டால் தாய் சொல்லாட்டிலும் நாங்கள் டொக்டருக்குச் சொல்லுவம். நோய் முத்தினாலும் கண்மணி இறுகி நிக்கும்.

சோதினையில கண்ணை மரக்கச் செய்யிற துளி விட்டு, கம்பி போட்டு இமையை விரிச்சு, சின்னக் கொக்கியால கண்ணின்ர வெள்ளையை அமத்தித் திருப்பிப் பாப்பினம். ஒரு கண்ணுக்குச் சில நிமிசம். பிள்ளையைத் துணியால இறுக்கச் சுத்தி, 24 வீத சுக்ரோஸ் ஒரு சொட்டு நாக்கில வைச்சு, சூப்ப விரல் குடுப்பம். பிள்ளை கத்தும், அது தாயைக் கலக்கிப்போடும். தாயை வெளியில நிக்கச் சொல்லுறதும் அதுக்குத்தான். கண்ணை அமத்தேக்க நெஞ்சடிப்பு இறங்கிற பழக்கம் இருக்கு, அதால ஒராள் மொனிட்டரை மட்டும் பாத்துக்கொண்டு நிக்க வேணும்.

முடிஞ்சு உடன பஸ் ஏற வேண்டாம். ஒரு மணித்தியாலமாவது இருத்தி, கொஞ்சங் கொஞ்சமாப் பால் குடுத்துப் பாத்திட்டு வெளிக்கிடுங்கோ. வீட்டை வந்து 24 மணித்தியாலம் கவனம். மூச்சு நிண்டு நிண்டு வாறது, உதடு நீலிக்கிறது, வயிறு கல்லு மாதிரி ஊதுறது, பச்சையாச் சத்தி எடுக்கிறது, பால் குடிக்க மாட்டன் எண்டு துவண்டு கிடக்கிறது. இதில எது வந்தாலும் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கோ. இமை வீங்கிறதும் கண் சிவக்கிறதும் ஒண்டு ரெண்டு நாளில வத்தும். வெள்ளையில ரத்தப் பொட்டு இருந்தால் ஒரு கிழமை ரெண்டு கிழமை நிண்டு தானாப் போகும். கண்மணி ஒரு நாள் வரைக்கும் பெரிசா நிக்கும், வெயில் படாமல் குடையைப் பிடிச்சால் காணும்.

கடைசியா ஒண்டு. சிவந்த கண்ணுக்குத் தாய்ப்பால் பீச்சுறது, மல்லித்தண்ணி விடுறது, மை பூசுறது எதுவும் வேண்டாம். அம்மம்மாமாருக்கு இதை நீங்கள் சொன்னால்தான் கேப்பினம்.

குளத்தடி:

ஒட்சிசன் கூடக் குடுத்துத்தான் கண் பழுதாகுதெண்டால், பிழை ஆஸ்பத்திரியிலதானே? ஒட்சிசனைக் குறைச்சுவிட்டால் இந்த நோயே வராதே. ஏன் இவ்வளவு அலைச்சல்?

சிசு_வாட்:

குளத்தடி, நீங்கள் கேட்டதை உலகம் ஒருதரம் செய்து பார்த்துவிட்டது. 1942இல் பொஸ்டனில் ரெறி என்ற கண் வைத்தியர் இந்த நோயை முதலில் விபரித்தார். 1951இல் மெல்பேணில் கேற் கம்பெல் என்ற குழந்தை வைத்தியர் ஒட்சிசன் மேல் சந்தேகத்தைக் காட்டினார். சில வருசத்தில் அமெரிக்க ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. உடனே எல்லா இடமும் ஒட்சிசனை இறுக்கிப் பிடித்தார்கள். குருடாவது குறைந்தது, ஆனால் சாவும் மூளைப் பாதிப்பும் கூடியது. 2010இல் வந்த பெரிய ஆய்வும் அதே வழியைத்தான் காட்டியது. இரத்தத்தில் ஒட்சிசன் செறிவை 85–89 வீதத்தில் வைத்த பிள்ளைகளுக்கு, 91–95இல் வைத்தவர்களை விடக் கண் நோய் குறைவு, மரணம் கூட. அதனால்தான் இப்போது 90–95 என்று ஒரு ஒடுங்கிய பாதையில் நடக்கிறோம். எவ்வளவு கவனமாக நடந்தாலும் 27 கிழமைப் பிள்ளைக்கு நோய் வரலாம். ஒட்சிசனை முற்றாக மறந்தாலும், குழாய் வளராமல் பிறந்தது ஒன்றே காரணமாகக் காணும்.

கவனம் பிசகும் இடங்களும் இருக்கின்றன, மறைக்கத் தேவையில்லை. வளியோடு கலந்து கொடுக்கும் பிளென்டர் இல்லாமல் சிலிண்டரிலிருந்து நேரே 100 வீதம் கொடுப்பது ஒன்று. வாட்டில் கவனமாக வைத்திருந்த பிள்ளையை இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது அம்புலன்சில் அதே நேர்ச் சிலிண்டரைப் போடுவது மற்றது. ஒட்சிசன் கொடுக்கும் பிள்ளையின் விரல்மானி (அந்தச் செறிவை அளக்கும் கருவி) 100 காட்டினால் வீட்டார் சந்தோசப்படுவார்கள், தாதிக்கு வயிறு கலங்க வேண்டும். 95க்கு மேல் போனால் இரத்தத்தில் உண்மையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அந்த மானியால் சொல்ல ஏலாது. 100 என்றுதான் காட்டும், உள்ளே அழுத்தம் 100உம் இருக்கலாம் 300உம் இருக்கலாம். ஒட்சிசனில் இருக்கும் பிள்ளைக்கு மேல் அலாரத்தை 95, 96இல் வைக்கச் சொல்வது இதற்குத்தான். வெறும் காற்றில் மூச்செடுக்கும் பிள்ளைக்கு 100 காட்டினால் பயமில்லை.

மிஸ், மூன்றாவது பிள்ளைக்குக் கட்டாயம் கேளுங்கள். பிரித்தானியாவும் அமெரிக்காவும் 30, 31 கிழமை அல்லது 1500 கிராம் அளவில் கோடு கீறுகின்றன. அந்தக் கோடு அவர்களின் வாட்டுகளுக்குப் பொருந்தும். எங்களைப் போன்ற நாடுகளில் 1700, 1900 கிராம் பிள்ளைகளுக்கும் நோய் முற்றிக் காண்கிறோம். அதனால்தான் இந்தியாவில் 34 கிழமைக்குக் குறைவு அல்லது 2000 கிராமுக்குக் குறைவு என்று அகட்டி வைத்திருக்கிறார்கள். கிருமித்தொற்று, நீண்டநாள் ஒட்சிசன், இரத்தம் ஏற்றியது, முதல் கிழமைகளில் நிறை ஏறாமல் நின்றது, இவை இருந்தால் எங்கள் நாட்டு வரையறைக்கு வெளியே நின்றாலும் வைத்தியரின் முடிவில் பார்க்கலாம். கடிதத்தில் "33 கிழமை, 1850 கிராம்" என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எத்தனை நாள் ஒட்சிசன், என்ன தொற்று, எத்தனை முறை இரத்தம் என்று எழுதிக் கொடுங்கள். பிறந்து நான்கு கிழமை தாண்டியிருந்தாலும் "பிந்திவிட்டது" என்று விட வேண்டாம், அதே கிழமையில் அனுப்புங்கள்.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு இந்த நோய் குறைவாகக் காண்கிறோம் என்பதையும் தாய்மாரிடம் சொல்லலாம். நிறையைக் கிழமைக்குக் கிழமை நீங்கள் எடுப்பதும் கண்ணுக்கான வேலைதான்.

மருதங்குளம்_மிஸ்:

எல்லாருக்கும் நன்றி. கடிதம் இண்டைக்கே எழுதிக் குடுக்கிறன். முதல் பிள்ளைக்கு அடுத்த முறை லேசர் எண்டோ ஊசி எண்டோ சொன்னால், தாய் தகப்பன் என்னட்டைத்தான் வந்து கேப்பினம். "கண்ணுக்குள்ள ஊசியோ" எண்டு பயந்து கையெழுத்து வைக்காமல் திரும்பி வந்திடுவினம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கருமணி:

லேசர் என்றால், குழாய் போகாமல் கிடக்கும் ஓரப் பகுதியைச் சுடுவது. வெஜ்எஃப்பைச் சுரப்பது அந்தப் பகுதிதான். அதைச் சுட்டால் சுரப்பு அடங்கும், புதுக் குழாய் வாடும். தலையில் கட்டும் விளக்கின் வழியாக, கண்ணை வெட்டாமல், ஓரம் முழுவதும் நெருக்கமாகப் பொட்டுப் பொட்டாகச் சுடுவோம். ஒரு கண்ணுக்கு நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரத்துக்கு மேல் பொட்டு. மயக்கமோ தூக்க மருந்தோ கொடுத்துத்தான் செய்வது, அதனால் பட்டினி நேரம் வேறு, தாய்ப்பாலுக்கு 4 மணித்தியாலம். ஒரு கிழமையில் திரும்பப் பார்ப்போம். பிளஸ் அடங்கவில்லை என்றால் சுடாமல் விட்ட இடைவெளி எங்கே என்று தேடித் திரும்பச் சுட வேண்டும். சுட்ட ஓரத்தின் பக்கப் பார்வை குறையும், நடுப்பார்வையைக் காப்பாற்றக் கொடுக்கும் விலை அது.

ஊசி என்றால் வெஜ்எஃப்பைக் கட்டிப்போடும் மருந்து. பெவாசிசுமாப் 0.625 மில்லிகிராம், அல்லது ரனிபிசுமாப் 0.1 முதல் 0.2 மில்லிகிராம் வரை. கறுப்புவிழி ஓரத்திலிருந்து 1 மில்லிமீற்றர் அளவு பின்னால், மிக மெல்லிய ஊசியால், சில விநாடியில் முடியும். ஸோன் 1 நோய்க்கு லேசரை விட இது நன்றாகக் கேட்கும், குழாய்க்கு ஓரம் வரை வளர இன்னொரு சந்தர்ப்பமும் கிடைக்கும். சிக்கல் பிறகுதான். மருந்தின் வேலை முடிந்தபின் நோய் திரும்பலாம், அதுவும் மாதக்கணக்கில் பிந்தி. லேசர் செய்து அடங்கிய பிள்ளையை வரவை ஐதாக்கிப் பார்க்கலாம். ஊசி போட்ட பிள்ளையைக் கருக்கணக்கு 65 கிழமை வரைக்குமாவது, அதாவது பிறக்க வேண்டிய திகதியிலிருந்து ஏறக்குறைய அரை வருடம் வரை, விடாமல் பார்க்க வேண்டும்.

இதிலே என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். கண் வைத்தியர் எத்தனையோ மணித்தியாலத் தூரத்தில் இருக்கும் வன்னிக் குடும்பத்துக்கு, ஸோன் 2 நோயில் இரண்டுமே பொருந்தும் என்றால், நான் லேசர் பக்கந்தான் சாய்வேன். "பத்துத் தடவை வருவீர்களா" என்று கேட்டு, மனம் திறந்த பதில் கிடைத்த பிறகுதான் ஊசியைப் பற்றிக் கதைப்பேன். ஸோன் 1இல், அல்லது மூர்க்கமான வகையில், ஊசிதான். அங்கே தூரத்தைப் பற்றிக் கதைத்துப் பயனில்லை, வரத்தான் வேண்டும்.

ஊசி போட்டு ஐந்து நாளுக்குள் கண்ணில் பீளை வந்து, இமை வீங்கி, கறுப்புவிழி மங்கினால் அன்றே திரும்பி வர வேண்டும், கிருமி உள்ளே போயிருக்கலாம். இதைத் துண்டில் எழுதித் தாயிடம் கொடுத்துவிடுங்கள்.

உரிய நேரத்தில் செய்தும் சில கண்கள் தவறும். அமெரிக்காவில் 2003இல் வெளிவந்த ஆய்வில், முன்கூட்டியே சிகிச்சை செய்த கண்களில் 9 மாதத்தில் அமைப்புக் கெட்டிருந்தவை 9.1 வீதம், பிந்திச் செய்தவற்றில் 15.6 வீதம். "முழுதும் சரியாகும்" என்று வாக்குக் கொடுக்காமல், "இப்ப செய்தால் வாய்ப்புக் கூட" என்று சொல்லுங்கள்.

பார்வைப்_பயிற்சி:

"கண் கிளியர்" என்று எழுதி விட்ட பிறகு வருவதைப் பற்றி இன்னும் ஒருவரும் எழுதவில்லை. மிஸ்ஸின் நிறை பார்க்கிற கிளினிக்குக்கு அதுதான் கூடத் தேவை.

முதலில் வயது. எதையும் திருத்திய வயதிலே பாருங்கள். 27 கிழமையில் பிறந்த பிள்ளை 13 கிழமை முந்திப் பிறந்திருக்கிறது. பிறந்து 19 கிழமையில் நிற்கும்போதுதான் அதன் கண்ணுக்கு 6 கிழமை வயது. அந்த 6 கிழமையில் ஒரு சாண் தூரத்தில் தாயின் முகத்தைப் பிடித்துப் பார்க்க வேண்டும். 3 மாதத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை பின்தொடர வேண்டும். 5 மாதத்தில் கையை நீட்டிப் பொருளை எட்டிப் பிடிக்க வேண்டும். சோதிக்கும்போது குரல் கொடுக்காதீர்கள், கிலுக்கட்டியைக் கிலுக்காதீர்கள், சத்தத்துக்குத் திரும்புவதைப் பார்வை என்று எடுத்துவிடுவோம். திருத்திய 4 மாதத்துக்குப் பிறகும் கண் ஒருபக்கம் இழுத்தபடி நின்றாலோ, எந்த நேரமும் ஊஞ்சல் போல ஆடினாலோ, பிள்ளை முட்டியால் கண்ணை அமத்தி அமத்திக் குத்திக்கொண்டிருந்தாலோ அனுப்புங்கள். கடைசியாகச் சொன்னது விழித்திரை மோசமாகக் கெட்ட பிள்ளைகள் செய்வது.

கிட்டப்பார்வை இந்தப் பிள்ளைகளுக்குக் கூட வரும், அதுவும் நோய் முற்றியவர்களுக்கு. மற்றப் பிள்ளைகளைப் போல் கண் நீண்டு வருவதில்லை. கண்ணின் முன்பகுதி வளர்ச்சி பாதியில் நின்று, கறுப்புவிழி கூர்ந்தும் வில்லை தடித்தும் இருப்பதால் வருவது. இரண்டு கண்ணுக்கும் கண்ணாடி இலக்கம் வித்தியாசப்பட்டால், மங்கிய கண்ணை மூளை கைவிட்டுவிடும், அது சோம்பல் கண். ஆகவே நோயே வராத குறைமாதப் பிள்ளைக்கும் ஒரு வயதளவில் மருந்து விட்டு இலக்கம் பார்க்க வேண்டும், பிறகு மூன்று வயதில், பிறகு பள்ளிக்கூடம் சேர முன்னம். சிகிச்சை செய்த பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருதரம்.

சோம்பல் கண்ணுக்கு வேலை கொடுக்க, நல்ல கண்ணை மூடிப் பட்டி போடச் சொன்னால், நடுத்தரச் சோம்பலுக்கு நாளுக்கு 2 மணித்தியாலம், கடுமையானதுக்கு 6 மணித்தியாலம் என்பது வழக்கம். பட்டியைத் தோலில் ஒட்ட வேண்டும். கண்ணாடியில் ஒட்டினால் பிள்ளை ஓரத்தால் எட்டிப் பார்த்துவிடும். எங்கட வெக்கைக்குப் பசை வியர்த்துத் தோல் அரிக்கும், அதனால் காலமை வெயில் ஏற முன்னமே போட்டு, கழற்றும்போது தேங்காயெண்ணெய் தொட்டு மெல்ல உரித்தால் தோல் கழலாது.

இனிக் கண்ணில் இல்லாத பார்வைக் குறை. குறைமாதத்தில் மூளையின் உட்பகுதியில் நீர்க்குழிகளைச் சுற்றி அடிபட்டிருந்தால், விழித்திரை முழுச் சுகமாக இருந்தும் பிள்ளை பார்க்காது. தலை ஸ்கானில் "பிவிஎல்" என்று எழுதியிருந்தால் இதைத்தான் நினைக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கீழ்ப்பக்கப் பார்வை குறையும். நடக்கத் தொடங்கியதும் படியில் தடக்கும், வாசல்கட்டையில் கால் அடிபடும், தட்டில் கிட்ட இருக்கும் சோற்றை விட்டுவிடும். விளையாட்டுச் சாமான் குவியலில் தன்னுடையதைத் தேடி எடுக்காது, தனியே வைத்தால் எடுக்கும். "குழப்படி, கவனமில்லை" என்று அடிவாங்குவது இந்தப் பிள்ளைகள்தான். கண்ணாடி மட்டும் போட்டு இது மாறாது.

வீட்டில் செய்யக்கூடியது: தாயின் மடியில் ஒரு கறுப்புத் துணியை விரித்து, சிவப்போ மஞ்சளோ ஒரே நிறத்தில் ஒரு சாமான் மட்டும். மெல்ல அசைத்து, பிறகு நிறுத்தி, பதினைந்து இருபது விநாடி வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும். பிள்ளை நேரே பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டும், அதுவும் பார்வைதான். பூப்போட்ட சீலை உடுத்திருந்தால் அதற்கு முன்னால் எதைக் காட்டினாலும் தெரியாது.

பார்வை முற்றாக இல்லாமல் போன பிள்ளையை ஐந்து வயது வரை வீட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டாம். கைதடி நவீல்ட் பாடசாலை, சுன்னாகம் வாழ்வகம் போன்ற இடங்களில் நேரத்தோடு கேட்டு, தொட்டுப் பழகும் பயிற்சியைத் தவழும் வயதிலேயே தொடங்கலாம்.

கருமணி:

மேலே சொன்னதோடு ஒன்று. ஸ்டேஜ் 3 வரை போய் ஆறிய கண்ணில் தழும்பு இருக்கும். பதின்ம வயதிலும் அதற்குப் பிறகும் விழித்திரை கழரலாம். மின்னல் வெட்டுவது போல் தெரிகிறது, திடீரென்று கறுப்புப் புள்ளி மிதக்கிறது, ஒரு பக்கம் திரை விழுந்தது போல் இருக்கிறது என்றால் அன்றே வர வேண்டும். கண்ணின் முன்பகுதி ஒடுங்கி இருப்பதால் சிலருக்கு வளர்ந்த பிறகு திடீர் அழுத்தமும் ஏறும், கண் சிவந்து தலைவலியோடு சத்தி வரும்.

மருதங்குளம்_மிஸ்:

அப்ப பிறப்புக் கார்டை எத்தனை வயது வரைக்கும் வைச்சிருக்கச் சொல்லுறது? கன வீட்டில மழைக்கு நனைஞ்சு, கறையான் அரிச்சுப் போயிடுது.

பிபியூ_தாதி:

எப்பவும் வைச்சிருக்கச் சொல்லுங்கோ. நோய் நிர்ணய அட்டையையும் கண் எழுதின பக்கத்தையும் போனில படம் எடுத்துத் தாய்க்கும் தகப்பனுக்கும் ரெண்டு பேருக்கும் அனுப்பிவிடுங்கோ. வளர்ச்சிப் பதிவேட்டின்ர முன் மட்டையில சிவப்புப் பேனையால "___ கிழமை, ___ கிராம், ஆர்ஓபி ஸ்டேஜ் ___, லேசர் / ஊசி, திகதி" எண்டு ஒரு வரி எழுதிவிட்டால் எந்த டொக்டரும் உடன பாப்பார். அடுத்த வருகைத் திகதியை உங்கட கொப்பியிலயும் எழுதி, முதல் நாள் பின்னேரம் அந்த வீட்டுக்கு ஒரு கோல் எடுங்கோ மிஸ்.